நடை வேகத்தில் ஓட்டிப் பார்க்காத கார்

பழைய கார் வாங்குகிறவர்களுக்காக அந்தக் காரை முன்கூட்டியே பரிசோதித்துச் சொல்லும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, இப்போது அடையாறில் வீட்டோடு இருக்கிறேன். போன மாதம், இந்த வேலைக்குப் புதிதாக வரும் உங்கள் பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டீர்கள். என் சாமர்த்தியங்களையெல்லாம் அரை மணி நேரம் அளந்தேன். கை தட்டினீர்கள். கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "மேடம், நீங்க ஓகே சொன்ன வண்டி ஏதாவது அப்புறம் சொதப்பியிருக்கா?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கும் வயது. கடையில் எல்லாரும் அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளைவாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. ஒரு கையால் அந்தத் தொடையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அந்தக் காலைப் பற்றி யாராவது பரிதாபப்பட்டால் அவருக்குப் பிடிக்காது. நான் ஒருமுறை நாற்காலியை இழுத்துப் போட்டபோது முறைத்தார்.

பதினெட்டு வயதில் அவர் விற்பனையாளராகச் சேர்ந்த கடையின் முதலாளியிடம் நீளமான வெளிநாட்டுக் கார் ஒன்று இருந்ததாம். அதன் டிரைவர் ஒருநாள் கேலியாக, இந்த வண்டிக்கு கிளட்ச் கிடையாது, ஒற்றைக் கால் போதும், உன்னால்கூட ஓட்ட முடியும் என்றாராம். கேலி செய்தவர் அன்றே மறந்திருப்பார். இவர் நாற்பது வருடம் மறக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் வீட்டுக்கு ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கார் வாங்கி, அதில் ஓட்டக் கற்று, முறைப்படி லைசென்ஸும் வாங்கிவிட்டார். அடுத்து, அந்த முதலாளி வைத்திருந்த அதே மாடலைத் தேட ஆரம்பித்தார்.

மயிலாப்பூரில் அப்படி ஒன்று கிடைத்தது. கப்பலில் வந்து இறங்கிய எழுபதுகளின் கார், தந்த நிறம், ஸ்டியரிங் தண்டிலேயே கியர் லீவர். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவருடையது. அண்ணாச்சி என்னிடம் வந்து, "மேடம், நீங்க ஒரு வார்த்த நல்லாருக்குன்னு சொல்லிட்டா போதும். வேற யாரையும் நான் கேக்க மாட்டேன் பாத்துக்கிடுங்க" என்றார். அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

பார்க்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. பாண்டி பஜாரிலிருந்து கிளம்பி, சிக்னல் சிக்னலாக நின்று, மயிலாப்பூர் போய்ச் சேரும்போது மணி பத்தடிக்கப் பத்து நிமிடம். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. வாசலிலேயே பேராசிரியர் நின்றிருந்தார்.

"வாங்கோ வாங்கோ. ராகு காலத்துக்கு முன்னாடி முடிச்சுண்டுட்டா நன்னாயிருக்கும். மத்தியானம் இன்னொருத்தர் பார்க்க வரேன்னு சொல்லியிருக்கார்" என்றார்.

"அதுக்குள்ள முன்பணத்தக் குடுத்துருவோம்" என்றார் அண்ணாச்சி. நான் விட்டிருந்தால் அப்போதே கொடுத்திருப்பார்.

பேராசிரியர் நல்ல மனிதர். எதையும் மறைக்கவில்லை. "ஆத்துல இப்போ யாரும் இதை ஓட்டறதில்லை. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, கோயில் குளம் வரைக்கும் போயிண்டு வருவேன். ஒரு நாளும் மக்கர் பண்ணினதில்லை" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் என் காதில் மணி அடித்திருக்க வேண்டும். வாரம் ஒரு தடவை, குளம் வரை, அதாவது ஐந்து நிமிடம். அந்தக் கியர்பாக்ஸ் பல வருடங்களாகச் சூடே ஆனதில்லை.

தேய்ந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் குளிர்ந்திருக்கும்போது ரொம்ப சாது. ஆயில் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் நிற்கும், கியர் விழுவதே தெரியாது. சூடாகி ஆயில் நீர்த்த பிறகுதான் சுயரூபம் தெரியும். அதனால் நாற்பது நிமிடமாவது ஓட்டி, நெரிசலில் ஊர்ந்து, நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பார்க்காமல் சரி என்று சொல்லக்கூடாது. இது தெரியாமல் நான் செய்யவில்லை. புதிதாக வந்த எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

அன்றைக்குப் பன்னிரண்டு நிமிடம் ஓட்டினேன். மந்தைவெளி வரை போய்த் திரும்பினேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. அண்ணாச்சி பக்கத்து இருக்கையில் டேஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தார்.

"மகளுக்குத் தையில கல்யாணம், மேடம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான். பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் நானே ஓட்டுதேன். பொண்ணப் பெத்தவன் டிரைவர் சீட்டுலயான்னு வீட்ல ஒரே சத்தம். நான் கேக்கல."

நான் என்ன செய்தேன்? "பிரமாதம் அண்ணாச்சி" என்று சிரித்தேன். மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் என்ன? முன்னால் நாதஸ்வரமும் தவிலும், பின்னால் தட்டு ஏந்திய பெண்கள், நடுவில் கார் மனிதன் நடக்கிற வேகத்தில், முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைச் சூடாக்க இதைவிடக் கொடுமையான வழியை யாரும் கண்டுபிடிக்க முடியாது. வாங்குகிறவர் தன் வாயாலேயே அதைச் சொல்கிறார். முப்பது வருட அனுபவம் பக்கத்தில் உட்கார்ந்து பல்லிளிக்கிறது.

திரும்பி வந்ததும் கியர்பாக்ஸின் ஆயில் அளவுக் குச்சியை உருவி முகர்ந்தேன். நிறம் கறுப்பு. லேசாக ஒரு தீய்ந்த வாடை. லேசாகத்தான், ஆனால் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து இருபது. இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறிக்கையில், "ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: வயதுக்கேற்ற தேய்மானம், பயன்படுத்தலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வயதுக்கேற்ற தேய்மானம்! நம் தொழிலில் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத இதைவிட வசதியான சொல் கிடையாது. நீங்களும் எழுதுவீர்கள். எழுதும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், கிடையாது. அதுதான் இன்னும் வெட்கம். நம்புகிறவள் அவசரப்பட்டிருந்தாலாவது ஒரு நியாயம் இருக்கும்.

தை மாதம் கல்யாணம் வந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். மாலை ஆறு மணிக்குக் காரை அலங்கரித்து நிறுத்தியிருந்தார்கள். அண்ணாச்சி பட்டு வேட்டி சட்டையில், புது மாப்பிள்ளை தோற்கும்படி உட்கார்ந்திருந்தார். பின்னிருக்கையில் மாப்பிள்ளையும் அவருடைய அக்கா குழந்தைகள் இரண்டும். நான் பெண்களோடு பின்னால் நடந்தேன். தெருவோரக் கடைக்காரர்கள் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். வெளியே வந்து நின்று கை காட்டினார்கள். அவரும் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துப் பதிலுக்குக் காட்டினார். என் கண்கூட நிறைந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, மண்டபத்துக்கு இன்னும் ஒரு தெரு இருக்கும்போது, கார் நின்றது. தவில்காரர் ஒருவர் உற்சாகத்தில் காரைப் பார்த்துத் திரும்பி நின்று வாசிக்க, எல்லாரும் நின்று கேட்டார்கள். அவர் திரும்பி நடக்க ஆரம்பித்ததும் அண்ணாச்சி பிரேக்கிலிருந்து காலை எடுத்திருக்கிறார். கார் நகரவில்லை.

மேளச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அது கேட்டது. இன்ஜின் சத்தம் ஏறுகிறது, சக்கரம் நிற்கிறது. கூடவே அதே தீய்ந்த வாடை, இம்முறை லேசாக இல்லை. ஆயில் சூட்டில் நீர்த்துப்போய், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் பிடிக்காமல் வழுக்குகின்றன. வண்டி நகரவில்லையே என்று அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். மிதிக்க மிதிக்க பம்பின் அழுத்தம் ஏறும். ஏதோ ஒரு நொடியில் கிளட்ச் படக்கென்று பிடிக்கும். பிடித்தால், அத்தனை வேகமும் ஒரே தள்ளாக முன்னால் பாயும்.

இவ்வளவும் எனக்கு அங்கேயே, அப்போதே புரிந்துவிட்டது. ஓடியிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். நான் யோசித்தேன். இத்தனை சனத்துக்கு நடுவில், சம்பந்தி வீட்டார் பார்க்க, அவரைப் பார்த்துக் கத்துவதா என்று யோசித்தேன். இரண்டு நொடியோ மூன்று நொடியோ. அதற்குப் பிறகுதான் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். "காலை எடுங்க, காலை எடுங்க" என்று கத்தினேன். மேளத்தில் எதுவும் கேட்கவில்லை.

நான் டிரைவர் ஜன்னலை எட்டுவதற்கு ஓரடி இருக்கும்போது கார் பாய்ந்தது.

தவில்காரருக்கு எது கைகொடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதுகில் ஏதோ உணர்ந்து பக்கவாட்டில் விழுந்தார். தோளிலிருந்து கழன்ற தவில் முன் சக்கரத்துக்கு அடியில் போனது. அது நொறுங்கிய சத்தம் கேட்டு, ஆள்தான் மாட்டிக்கொண்டார் என்று தெரு முழுக்க அலறியது. அண்ணாச்சி பிரேக்கை மிதித்துவிட்டார். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன். பின்னிருக்கைக் குழந்தைகள் வீரிட்டு அழுதன. தவில்காரர் முழங்கால் கிழிந்து ரத்தத்தோடு எழுந்து உட்கார்ந்து, தன் கைகள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதலில் பேசியது சம்பந்திதான். "இதுக்குத்தான் நாங்க அப்பவே சொன்னோம். கால் சரியில்லாதவர் எதுக்குங்க ஸ்டியரிங்ல உக்காரணும்?" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அண்ணாச்சி தன் இடது தொடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எங் காலுதான் மேடம்... என்னமோ செஞ்சிருச்சு" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆட்டோமேட்டிக் காரில் இடது காலுக்கு வேலையே கிடையாது. அது அவருக்கும் தெரியும். பயத்தில் மனிதனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துவிடுகிறது.

எனக்குத் தெரியுமே? எனக்கு மறக்கவில்லையே? நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதைவிட மோசம் மறுநாள் காலை. முகூர்த்தத்தில் தாரை வார்க்கும்போது அவர் ஊற்றிய நீர் தட்டுக்கு வெளியே போனது. தலையை நிமிர்த்தவே இல்லை. சொந்தக்காரர்கள் செல்போனில், கார் பாய்ந்ததை யாரோ எடுத்த வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். என்னிடமும் ஒருவர் காட்டினார். எல்லாரும் அதில் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். நான் சத்தத்தைக் கேட்டேன். கார் பாய்வதற்கு முன்பே இன்ஜின் அலறுவது தெளிவாகப் பதிவாகியிருந்தது. நம் தொழிலில் உள்ள யாரும் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடலாம். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் பந்தியில் போய் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் என்னைக் கண்டு நானே அதிர்ந்துபோனது அந்தப் பாயசத்தை நினைக்கும்போதுதான்.

காரை மந்தைவெளியில் பாபு என்ற மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போய் விட்டிருந்தார்கள். பாபு என்னோடு பல வருடம் பழகினவன். கல்யாணத்துக்கு மறுநாள் போனேன். கியர்பாக்ஸைப் பிரித்துக் கீழே பரப்பி வைத்திருந்தான்.

"இன்னாக்கா இது, பிளேட்டுல்லாம் கரியா கீது. இத்தப் போய் ஓகேன்னா சொல்லிகீற?" என்றான்.

ஆமாம் என்றேன். வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்த்தேன் என்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"நீயாக்கா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி வுடு. அல்லாரும் அவுரு காலு மேல பழிய போட்டுக்கினு கீறாங்க. நீ இன்னாத்துக்கு நடுவுல பூந்துக்கினு? நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றான்.

என் மேல் உள்ள பிரியத்தில் சொன்னான். சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அரை நிமிடம் இருந்திருக்கும். அந்த நிம்மதியை உணர்ந்த பிறகுதான் எனக்கே பயம் பிடித்தது. கரியாகிப்போன பிளேட் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே ஆட்டோ பிடித்து தியாகராய நகர் போனேன்.

அண்ணாச்சி அன்று கடைக்குப் போகவில்லை. வீட்டுக் கூடத்தில் சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் போனதும், "வாங்க மேடம். அந்த வண்டிய எடைக்குப் போட்டுறச் சொல்லிட்டேன். வீட்டு வண்டிச் சாவியயும் வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டேன். இனிம ஸ்டியரிங்க தொட மாட்டேன். ஒரு உசுரு போயிருக்கும்லா, நெனச்சா ஒறக்கமே வரல" என்றார்.

செய்தித்தாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு நிமிடம் ஓட்டியதை, வாடை தெரிந்தும் எழுதாமல் விட்டதை, ஊர்வலம் என்று அவர் சொல்லியும் யோசிக்காததை, தெருவில் காலை எடுக்கச் சொல்லி உடனே கத்தாமல் நின்றதை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன்.

அவர் அந்தக் கரிப் பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். விரலெல்லாம் கறுத்தது. பிறகு கேட்டார்.

"அப்போ... எங் காலு இல்லியா, மேடம்?"

"இல்லை அண்ணாச்சி."

"எங் காலு இல்லியா?"

"யார் ஓட்டியிருந்தாலும் பாய்ந்திருக்கும். உங்க கால் எந்தத் தப்பும் பண்ணலை. தப்பு என்னோடது."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே பார்த்து, "ஏளா, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இப்ப சொன்னத இவகிட்ட சொல்லுங்க" என்றார். சொன்னேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு மகளுக்கும் மருமகனுக்கும் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அவங்ககிட்டயும் சொல்லுங்க." சொன்னேன். கடைசியாகச் சம்பந்தி. "மேடம் பேசுதாங்க, கொஞ்சம் கேளுங்க" என்று மட்டும் சொல்லி என் பக்கம் நீட்டினார். தப்பு என்னுடையது, அவர் கால்மேல் இல்லை என்று நான்காவது முறை சொன்னேன். அப்புறம் சம்பந்தி, "நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க" என்றார். அண்ணாச்சி போனை வைத்தார்.

எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மனைவியிடம் கையை நீட்டினார். அந்த அம்மாள் வீட்டுக் கார் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"வாங்க மேடம், வீட்ல விட்டுருதேன்."

நான் ஏறி உட்கார்ந்தேன். நந்தனம் வழியாக அடையாறு வரை ஓட்டினார். முதல் சிக்னலில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அடுத்ததில் பிடி தளர்ந்தது. என் வீட்டு வாசலில் ஓரமாக நிறுத்தி, லீவரைச் சரியாகப் போட்டு, கைபிரேக்கையும் இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். எத்தன பேரு சொல்லுவாங்க. ஆனா இனிம எந்த வண்டியயும் பாக்க உங்கள நான் கூப்பிட மாட்டேன், மேடம்."

"சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.